கேளுங்கள் சொல்கிறேன்: விருச்சிகமும் நாத்தனாரும்

கேள்வி: நான் விருச்சிக ராசி. வாராவாரம் நம் பத்திரிகையில் வரும் பலன் எனக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. போன வாரம் 'நெருங்கியவர்களால் மனவருத்தம்' என்று போட்டிருந்தது. வியாழக்கிழமையே நாத்தனாரோடு சண்டை! உளவியல் படிக்கும் என் மகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எனக்கு ஒரு சங்கடம் அம்மா. ராசிபலன் எழுதுகிறவரும் நானும் ஒரே பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறோம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, அவரவர் பெயர் போட்ட தாளில் 'உங்கள் குணம் இது' என்று எழுதிக் கொடுத்து, 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-ஐத் தாண்டியது. விஷயம் என்னவென்றால், 39 தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதி, கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் நானும் வருஷாவருஷம் இதைச் செய்வேன். 'வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர்' என்கிற மாதிரி பத்து வரி. தலையாட்டி முடித்ததும், பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கிப் படிக்கச் சொல்வேன். வகுப்பே சிரிக்கும். ஒரு வருஷம் ஒரு பெண் மட்டும் எழுந்து, "மத்தவங்களுக்கு எப்படியோ மேடம், எனக்கு நிஜமாவே பொருந்துது" என்றாள். இன்றுவரை அவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். மனவருத்தம் என்று போட்டு, எதுவும் நடக்காத வாரங்கள் எத்தனை? ஒன்றும் போடாமலே சண்டை வந்த வாரங்கள் எத்தனை? இந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. பலித்தது மட்டும் மனதில் ஒட்டிக்கொள்கிறது. தவிர, காலையில் அந்த வரியைப் படித்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனால், அவர் "காபி ஆறிடுச்சா?" என்று கேட்பதுகூடக் குத்தலாகத்தான் கேட்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வருகிற வாரப் பலனைப் படிக்காதீர்கள். மகன் அதைத் தனித்தனியாக 12 துண்டுகளாக எழுதி, எண் போட்டு, எது எந்த ராசி என்ற விவரத்தை உறைக்குள் போட்டு ஒட்டி வைக்கட்டும். ராசிப் பெயரோடு நட்சத்திரம், சந்திராஷ்டம நாள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் 'அனுஷம்' என்று பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவீர்கள். வாரம் முடிந்ததும், உங்களுக்கு நடந்ததோடு எது ஒத்துப்போகிறது என்று ஒரு துண்டை எடுங்கள்.

அப்போது மகன் எதிரில் இருக்கக் கூடாது. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்ததில், கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசையும். குதிரை அதைப் பார்த்துத்தான் நிறுத்தியது. உங்கள் மகன் முகத்திலும் அந்த அசைவு இருக்கும். துண்டுகளை, விவரம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் நீட்டட்டும்.

இப்படி 12 வாரம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே சராசரியாக ஒரு வாரம் விருச்சிகம் கையில் வரும். இரண்டு வந்தாலும் ஆச்சரியமில்லை. ஆறோ ஏழோ வந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ராசிபலன்காரர் வீட்டுக்கு ஜாதகத்தோடு நானே போகிறேன்.