கேள்வி பதில்: ஐஆர்சிக்குத் துணை நிரல் தேவையா?

கேள்வி: லினக்ஸ் குழுவினருடன் உரையாட ஹெக்ஸ்சாட் என்ற நிரல் வழியாக ஐஆர்சி என்ற இணைய உரையாடல் முறையைப் பயன்படுத்துகிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போய்விடுவதால், இடையில் வரும் பதில்கள் கிடைப்பதில்லை. இசட்என்சி என்ற துணை நிரலை நிறுவச் சொல்கிறார் நண்பர். அது அவசியமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: கட்டாயமில்லை, அது இல்லாமலும் ஹெக்ஸ்சாட் முழுமையாக இயங்கும். ஆனால், உங்கள் குறைக்கு அதுவே நேரான தீர்வு. 1988இல் பிறந்த ஐஆர்சியின் சர்வர்கள் பொதுவாக, வந்த செய்தியை அந்நேரம் இணைப்பில் இருப்பவர்களுக்குக் கைமாற்றுமே தவிர, இல்லாதவர்களுக்காக எடுத்துவைப்பதில்லை. இசட்என்சியோ உங்கள் பெயரில் சர்வருடன் தொடர்ந்து இணைந்திருந்து, நீங்கள் இல்லாதபோது வந்தவற்றைச் சேர்த்துவைத்து, திரும்பியதும் ஒப்படைக்கிறது.

எங்கே நிறுவுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மின்சாரம் போனால் அணைந்துவிடும் அதே கணினியில் நிறுவினால், ஹெக்ஸ்சாட்டோடு அதுவும் அணையும். நிறுவியதில் பயனே இல்லை. யுபிஎஸ்ஸில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போதும். மின்தடையில் பிராட்பேண்டும் சேர்ந்து போகுமானால், மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய விபிஎஸ் (வேறிடத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) தான் சரி. சேமித்த செய்திகள் தற்காலிக நினைவகத்திலேயே (ராம்) இருப்பதால், இசட்என்சி மறுபடி தொடங்கும்போது அவை அழிந்துவிடும். அதைத் தவிர்க்க, அவற்றை வட்டில் எழுதிவைக்கும் ‘சேவ்பஃப்’ என்ற இசட்என்சி மாட்யூலை இயக்குங்கள். இசட்என்சியை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கில்) இயக்காமல் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். நண்பர் தம் சர்வரில் இடம் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள்: உங்கள் தனிச்செய்திகளும் கடவுச்சொல்லும் அந்தக் கணினி வழியாகத்தான் போகும்.

எப்போதாவது நுழைந்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் வெளியேறுபவராக இருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண் வேலை.