பாவித்த லெக்சஸ்: வாங்க முன் சில கேள்விகள்

பாவித்த கார் பற்றி எழுதுபவர்களில் பலர் கொரோலா, சிவிக்கில் ஆரம்பித்துக் கடைசியில் பழைய லெக்சஸில் வந்து நிற்கிறார்கள். ஆகவே இம்முறை ஒன்ராறியோ வாசகர்களின் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2005 லெக்சஸ் எல்.எஸ். 430 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 212,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. விலை 9,800 டொலர். உள்ளே தோல் இருக்கைகள் இன்னும் புதிதுபோல இருக்கின்றன. 'லெக்சஸ் பழுதாகாது, கண்ணை மூடிக்கொண்டு எடு' என்கிறான் நண்பன். என் கையில் இருப்பது பத்தாயிரம். எடுக்கலாமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: கார் நல்லது தம்பி. உங்கள் கணக்குத்தான் இடிக்கிறது.

நண்பன் சொல்வதில் பாதி உண்மை. மெர்சிடிஸையும் பி.எம்.டபிள்யூவையும் அமெரிக்கச் சந்தையில் முந்த வேண்டும் என்று டொயோட்டா 1983இல் தொடங்கிய வேலை, 1989இல் லெக்சஸ் என்ற பெயரில் எல்.எஸ். 400 ஆக வெளியே வந்தது. நீங்கள் பார்த்திருக்கும் 430 அதன் அடுத்த தலைமுறை. 2001 முதல் 2006 வரையான மாடல்கள். அந்த 4.3 லீற்றர் வி8 எஞ்சின் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் லேசில் சாகாது. அமெரிக்காவில் மாட் ஃபாரா என்ற கார் விமர்சகர், ஒன்பது லட்சம் மைலை எட்டவிருந்த 1996 எல்.எஸ். 400 ஒன்றை 2014இல் வாங்கி, 2019இல் பத்து லட்சம் மைலைத் தாண்ட வைத்தார். மைல், கிலோமீற்றர் அல்ல.

மற்றப் பாதியை நண்பன் சொல்லவில்லை. இது அமெரிக்காவில் புதிதாக 55,000 டொலருக்கு மேல் விற்ற கார். இருபது வருடத்தில் காரின் விலை இறங்கியது, பார்ட்ஸின் விலை இறங்கவில்லை. 9,800க்கு வாங்கினாலும் திருத்தும்போது 55,000 டொலர்க் காரைத்தான் திருத்துகிறீர்கள்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓட வைக்கும் பட்டி. இந்த எஞ்சினில் செயின் இல்லை, ரப்பர் பெல்ட்தான். 90,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 145,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தக் கார் ஒரு தடவையாவது மாற்றியிருக்க வேண்டிய கட்டத்தைத் தாண்டிவிட்டது. 'அதெல்லாம் மாத்தியாச்சு' என்று வாயால் சொன்னால் போதாது. எந்தக் கராஜ், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீற்றர் என்று போட்ட பில் வேண்டும். வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றினார்களா என்பதும் அதே பில்லில் தெரியும். பில் பத்துப் பன்னிரண்டு வருடம் பழையது என்றால் அதுவும் உதவாது, ஏனென்றால் கார் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், பிறகு அந்த எஞ்சினைத் திருத்துவதா காரையே விடுவதா என்று யோசிக்க வேண்டி வரும். பில் இல்லையா, பெல்ட் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு 1,500 முதல் 2,000 டொலர் வரை குறைத்துக் கேளுங்கள்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் காரைத் தாங்கும் அமைப்பு. எல்லா 430இலும் அது இல்லை. கூடிய விலைப் பொதியில் வந்தவற்றில் மட்டும் உண்டு. காரின் உயரத்தைக் கூட்டும் பொத்தான் உள்ளே இருந்தால் இருக்கிறது என்று அர்த்தம். இருந்தால், என் கருத்தில் வேறு கார் பாருங்கள். அதன் ஒரிஜினல் ஸ்ட்ரட் ஒன்றே ஆயிரம் டொலரைத் தாண்டும், அப்படி நான்கு இருக்கின்றன. சாதாரண ஸ்பிரிங் வைத்த கார் சொகுசில் கொஞ்சம்தான் குறைவு. அதே ஏர் சஸ்பென்ஷன் கார்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது.

எப்படியானாலும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போவதுதான் நல்லது. 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது பொனட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சாவி இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலக்ட்ரோனிக் பூட்டு உள்ள சாவி, புதிதாகச் செய்ய மலிவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் கவனம். இந்த வி8இல் அது எஞ்சினின் நடுவே, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மோட்டரைவிட அதைக் கழற்றும் கூலிதான் கூட.

கடைசியாகக் கறள். நம் ஊர்க் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புக் கொட்டுகிறார்கள். மேலே பெயின்ட் மின்னும், கீழே பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், சப்ஃபிரேம் எல்லாம் அரித்திருக்கும். அது முற்றத்தில் நின்று பார்த்தால் தெரியாது. விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு கராஜில் காரை ஹொயிஸ்டில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நூறு, இருநூறு டொலர் போகும், போகட்டும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் அதற்குமேல் கதைக்க ஒன்றுமில்லை.

சரி, எடுக்கலாமா? கையில் பத்தாயிரம்தான் என்றால் வேண்டாம். 13,000 இருந்து, அதில் மூவாயிரத்தை முதல் வருடத்துக்கென்று தொடாமல் வைக்க முடிந்தால், பெல்ட் பில்லும் கறளில்லாத அடிப்பக்கமும் உள்ள 430 ஒன்றைத் தாராளமாக எடுங்கள். அப்புறம், இது பின்சக்கரத்தில் இழுக்கும் கார். வின்டர் டயர் இல்லாமல் பனியில் இறங்க வேண்டாம். டயர் போட்டதும் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லுங்கள், 2016 முதல் ஒன்ராறியோவில் அதற்குக் கழிவு தர வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளைப் பள்ளிக்கும் வகுப்புகளுக்கும் கொண்டுபோக ஒரு கார் தேவை. ஆறேழாயிரத்துக்குள் பழைய லெக்சஸ் ஈ.எஸ். எடுப்பதா, அக்யூரா டி.எல். எடுப்பதா? (மார்க்கம் வாசகி)

பதில்: ஈ.எஸ். எடுங்கள். அது கேம்ரியின் அடித்தளத்தில் கட்டிய கார், அதனால் எல்.எஸ். போலப் பார்ட்ஸில் கடிக்காது, எந்தக் கராஜிலும் கை வைப்பார்கள்.

ஆனால் வருடம் பார்த்து எடுங்கள். 1997 முதல் 2002 வரையான காலத்து டொயோட்டா வி6 எஞ்சின்களில் எண்ணெய் கெட்டியாகிச் சேறுபோல அடைக்கும் பிரச்சினை வந்தது, அந்தக் கால ஈ.எஸ். 300இல் இருப்பதும் அதே எஞ்சின்தான். டொயோட்டா அதற்காகக் கொடுத்த நீடித்த உத்தரவாதமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. 2007இலிருந்து வரும் ஈ.எஸ். 350இல் டைமிங் செயின், பெல்ட் கவலை இல்லை. ஆரம்ப வருடங்களில் எண்ணெய் போகும் சிறு குழாய் ஒன்றில் ரப்பர்ப் பகுதி இருந்தது, அது வெடித்தால் எண்ணெய் முழுவதும் நிமிடங்களில் வெளியே போய்விடும். அதை உலோகக் குழாயாக மாற்றியாயிற்றா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்யூரா டி.எல். ஓட்ட நல்ல கார்தான். ஆனால் 1999 முதல் 2003 வரை வந்தவற்றின் ஓட்டோமட்டிக் கியர்பொக்ஸ் பலவீனமானது என்று பெயரெடுத்தது. அதைவிட முக்கியம், 2002, 2003 டி.எல். கார்கள் டகாட்டா கம்பனி செய்த பிழையான எயர்பேக்குகளின் விவகாரத்தில் மிக ஆபத்தான வகையில் வருபவை. மோதலில் எயர்பேக் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் ஓட்டுநர் மேல் பாயக்கூடும். மாற்றாமல் இருந்தால் ஓட்டவே வேண்டாம் என்று அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறை 2016இல் சொன்னது. எந்தப் பழைய ஜப்பானியக் காராக இருந்தாலும் வின் என்ற அடையாள இலக்கத்தைக் கொடுத்து, செய்யாத ரீகோல் (கம்பனியே திருப்பி அழைத்துத் திருத்தும் வேலை) ஏதும் உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். ரீகோல் வேலைக்குக் காசு இல்லை.

கேள்வி: இணையத்தில் பார்த்து 2010 ஈ.எஸ். 350 ஒன்றுக்குப் பேசினேன். 7,500 காசாகக் கொடுக்க வேண்டுமாம். 'பில்லில் 3,000 என்று போடுவோம், உனக்கு வரி மிச்சம்' என்கிறார். ஓனர்ஷிப் மச்சானின் பெயரில் இருக்கிறதாம், யூ.வி.ஐ.பி. என்ற பாவித்த கார்த் தகவல் பொதி தொலைந்துவிட்டதாம். சேஃப்டி எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம்.

வரிக் கதையை முதலில் பார்ப்போம். தனியாரிடம் வாங்கும் காருக்கு ஒன்ராறியோவில் 13 வீத வரியை நீங்கள் பதியும்போது கட்டுகிறீர்கள். கொடுத்த விலை, ரெட் புக் என்ற பட்டியலிலுள்ள மொத்த வியாபார விலை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. ஆகவே பில்லில் குறைத்துப் போட்டு அவர் சொல்லும் அளவுக்கு மிச்சம் பிடிக்க முடியாது. பொய்யான தொகைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதுதான் மிஞ்சும். நாளைக்குக் காரில் வில்லங்கம் வந்து காசைத் திருப்பிக் கேட்டாலும் 3,000தானே கொடுத்தாய் என்பார்.

யூ.வி.ஐ.பி. தொலைவதற்கு அது பரம்பரைப் பத்திரம் அல்ல. சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு யாரும் எடுக்கலாம். விற்பவர் தர வேண்டியது சட்டம், ஆனால் அவரை நம்பியிராமல் வின் இலக்கத்தை வாங்கி நீங்களே எடுங்கள். இதுவரை யார் யார் பெயரில் இருந்தது, மீற்றர் என்ன காட்டியது, காரின் மேல் கடன் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். கடன் நிற்கும் காரை வாங்கினால் கடன் கொடுத்தவர் உங்கள் வாசலுக்கு வந்து காரைத் தூக்கலாம். ஒன்ராறியோவுக்கு வெளியே ஓடிய காலம் அதில் இருக்காது, அதற்குக் கார்ஃபாக்ஸ் என்ற வரலாற்று அறிக்கையும் எடுங்கள்.

மச்சான் பெயரில் ஓனர்ஷிப் என்பது எனக்கு மிகப் பழகிய கதை. லைசென்ஸ் இல்லாமல் கார் வியாபாரம் செய்துகொண்டு தனியாள்போல் நடிப்பவர்களை இங்கே கேர்ப்சைடர் என்பார்கள். பிடிக்க எளிய வழி உண்டு. வேறு நம்பரிலிருந்து அழைத்து 'கார் விஷயமாக எடுத்தேன்' என்று மட்டும் சொல்லுங்கள். 'எந்தக் கார்?' என்று கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

சேஃப்டி சான்றிதழ் பிரேக், லைட், டயர் போன்றவை குறைந்தபட்ச அளவில் இருக்கின்றன என்பதற்கு. 36 நாள்தான் செல்லும். எஞ்சின் எத்தனை காலம் ஓடும் என்று அது சொல்லாது.

பதிவு செய்த டீலரிடம் வாங்கினால் விலை கூடத்தான். ஆனால் அவர் ஒம்விக் என்ற அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறார், பெரிய விபத்து போன்ற விஷயங்களை எழுத்தில் சொல்ல வேண்டும், ஏமாற்றினால் நட்டஈட்டு நிதியும் உண்டு. தனியாரிடம் இவை எதுவும் இல்லை. இன்னொன்று, டீலரிடம் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கார் வாங்குவதற்கு அப்படி ஒரு அவகாசம் இங்கே கிடையாது.

கேள்வி: சித்தப்பா தன் 2012 லெக்சஸை எனக்குச் சும்மாவே தருகிறார். குடும்பத்துக்குள் கொடுத்தால் வரி இல்லைதானே? (பிரம்டன் வாசகர்)

பதில்: நமக்குச் சித்தப்பா குடும்பம்தான், ஒன்ராறியோ வரித் திணைக்களத்துக்கு இல்லை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், மாமனார் மாமியார், பிள்ளைகளை மணந்த மருமக்கள் என்று அவர்களின் பட்டியல் முடிகிறது. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் யாரும் அதில் இல்லை. சும்மா வாங்கினாலும் காரின் மதிப்புக்கு வரி கட்ட வேண்டும். அப்பாவுக்கு முதலில் மாற்றி அவரிடமிருந்து எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தச் சலுகைக்குச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், அதைச் சுற்றிவளைக்கும் வழி இந்தப் பக்கத்தில் வராது. வரியைக் கட்டுங்கள், இலவசக் காருக்கு அது பெரிய காசில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வலப்பக்க ஸ்டியரிங் ஓட்டிப் பழகியவன் நான். ஜப்பானிலிருந்து டொயோட்டா செல்சியர் இறக்கலாம் என்கிறார்களே? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: இறக்கலாம். 15 வருடத்துக்கு மேற்பட்ட காரைக் கனடா அனுமதிக்கிறது (அமெரிக்காவில் அது 25). செல்சியர் என்பது ஜப்பானில் விற்ற எல்.எஸ்.தான், லெக்சஸ் என்ற பெயரே 2005இல்தான் அங்கே கடைக்கு வந்தது. அங்கிருந்து வருபவற்றில் நம் ஊர்க் கார் அளவுக்குக் கறள் இருப்பது அரிது, அங்கே ஏலத்தில் எடுக்கும்போது ஏலத் தாளில் காரின் நிலையை எழுதித் தருவார்கள். அந்தத் தாளில் தரம் 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது.

என்றாலும் காசு அனுப்ப முன் காப்புறுதிக்கு அழையுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் பல கம்பனிகள் கையை விரிக்கும். வலப்பக்கம் இருந்து ஓட்டினால் இங்கே முந்திச் செல்லும்போது எதிரே வருவது சரியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் யோசியுங்கள். ஊர் ஞாபகத்துக்காக என்றால் சரி. தினமும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போவதற்கு என்றால் நான் வேண்டாம் என்பேன்.

கேள்வி: எல்.எஸ். 430க்கு சாதாரண பெட்ரோல் அடிக்கலாமா? (மிசிசாகா வாசகர்)

பதில்: 91 ஒக்டேன்தான் கேட்கிறது. நகரத்துக்குள் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 14 லீற்றர் குடிக்கும். அந்தச் செலவு உறுத்தினால் முதலிலேயே ஈ.எஸ். பக்கம் போய்விடுங்கள்.