நிருபத்தை ஏன் முழுசாக வாசிக்க வேண்டும்?

பைபிளில் நிருபம் என்றால் கடிதம், அவ்வளவுதான். சரி, வசனம் வசனமாக எடுத்தால் போதாதா, ஏன் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கடிதம் பாதிப் பேச்சுதான், மறுபாதி வாங்கியவரிடம் இருக்கிறது.

இங்கே மூணாறு எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), முன்பெல்லாம் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கடிதத்தை எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். "அந்த விஷயத்தைப் பார்த்து முடி" என்ற வரி வந்தால், அது நிலமா கல்யாணமா என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். நமக்கோ முன்வரியும் பின்வரியும்தான் துணை.

பிலேமோன் நிருபத்தை எடுங்கள். மொத்தமே 25 வசனம். ஒநேசிமு என்ற அடிமையை அவன் எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார், சிறையிலிருந்து இதை எழுதும் அப்போஸ்தலன் பவுல். ஒநேசிமு என்றால் கிரேக்கத்தில் 'பயனுள்ளவன்'. அது தெரிந்தால், முன்பு பிரயோஜனமில்லாதவன், இப்போது பிரயோஜனமுள்ளவன் என்ற 11ஆம் வசனம் அப்படியே உயிர்பெறும். இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும்: கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டால் மறுப்பது லேசா? அப்புறம், "எனக்குத் தங்க இடம் ஆயத்தம்பண்ணும்" என்கிறார். நேரில் வரப்போகிறார்!

பலர் நினைப்பதுபோல வசன எண்கள் பவுல் போட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் போட்டவை.