அம்ஹாரிக் குறுஞ்செய்தி இரண்டாக உடைவது ஏன்?

உங்கள் எத்தியோப்பிய உழவர் கணக்கெடுப்பில் ஆங்கிலக் கேள்வி ஒரே குறுஞ்செய்தியாகச் செல்ல, அதன் அம்ஹாரிக் (எத்தியோப்பிய மொழி) வடிவம் மட்டும் இரண்டாக உடைந்து இருமடங்கு செலவு வைப்பதற்கு எழுத்துக் குறியாக்கமே (எழுத்துகளை எண்களாக மாற்றி அனுப்பும் முறை) காரணமாக இருக்கலாம்; கேள்வியை 70 எழுத்துகளுக்குள் சுருக்குங்கள்.

ஆங்கிலத்தில் வரம்பு 160. எத்தியோப்பிய எழுத்து ஒன்றே ஒன்று கலந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடு முறைக்கு மாறி, வரம்பு 70 ஆகிவிடுகிறது. உடைந்த பின் துண்டுக்கு 67தான்.

இடைவெளி, நிறுத்தக்குறி உட்பட எண்ணிப் பாருங்கள். உழவரின் பெயர் தானாகச் சேருமானால், பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரை வைத்தே எண்ண வேண்டும்.

ஆனால், பழைய பொத்தான் கைபேசிகளில் எத்தியோப்பிய எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்கள் மட்டுமே தெரியக்கூடும். அத்தகையோரைப் பதிலளிக்க விரும்பாதவர்கள் என்று பதிவு செய்வது பெரும் அநீதி. அவர்களிடம் குரல் அழைப்பில் கேளுங்கள்.