கருவேல முள் குத்திய காற்றுப் படகு: சைக்கிள் கடை பஞ்சர் ஏன் நிற்கவில்லை?

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கண்மாயில் வலை போடப் பழைய காற்றுப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். கரையில் இழுக்கும்போது சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார், இரண்டே நாளில் பேட்ச் உரிந்துவிட்டது. அதற்குள் கலுங்குக் கல்லில் உரசி நாலு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல் வேறு. "சனிக்கிழமைக்குள் ஒட்டி இறக்க முடியுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில், அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை. அவரிடம் இருப்பது ரப்பர் டியூபுக்கான சொல்யூஷன், உங்கள் படகோ பெரும்பாலும் பி.வி.சி. ரப்பரில் ஊறிப் பிடிக்கிற பசை பி.வி.சி.யில் மேலாகப் படிந்து நிற்கும், அவ்வளவுதான். வெயிலில் காற்று விரிந்ததும் விட்டுவிடும். ஃபெவிக்விக் மாதிரியான பசையும் வேண்டாம், கண்ணாடி போல இறுகி, படகு வளையும்போது நொறுங்கிவிடும்.

படகின் துணி எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: கண்ணில் படாத மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரப்பர் அழிப்பான் போலத் தூள் தூளாக வந்தால் ஹைபலான் என்கிற செயற்கை ரப்பர் பூசிய துணி, வழுவழுவென்று பிளாஸ்டிக்காகவே கீறினால் பி.வி.சி. பி.வி.சி.க்கு ஹார்டனர் (பசையை இறுக வைக்கும் திரவம்) கலக்கிற இரண்டு பாக பாலியூரித்தேன் பசை, ஹைபலானுக்கு நியோப்ரீன் பசை. பேட்ச் துணியும் படகின் துணி வகையாகவே இருக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டாதீர்கள், அது அடுக்கடுக்காகப் பிரியும்.

ஒட்டுமுன் ஓட்டைகளை எண்ணுங்கள். கருவேல முள் ஒன்றோடு நிற்பது அபூர்வம். படகில் காற்றடித்து, பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனால் குமிழி காட்டிக்கொடுக்கும், அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். வால்விலும் தடவுங்கள், பஞ்சர் என்று நினைத்து வருகிற படகுகளில் வால்வு மூடியில் மணல் சிக்கியதாகவே முடிகிற கதை நிறைய உண்டு. முள்ளின் நுனி உள்ளே முறிந்து கிடக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள், அதை விட்டுவிட்டு ஒட்டினால் புதுப் பேட்சையும் அதுவே குத்தும்.

இனி உங்கள் படகில் முக்கியமான வேலை, பழைய சொல்யூஷனை எடுப்பது. கட்டை விரலால் உருட்டி உருட்டி அழுக்குத் திரட்டுவது போல எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கடைசியாக எம்.ஈ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஊற்ற வேண்டாம். துணியில் கறை வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமையில்லாமல் போனால் எவ்வளவு விலை கொடுத்த பசையும் நிற்காது; என்னிடம் வந்த உரிந்த பேட்சுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: எம்.ஈ.கே. சட்டென்று தீப்பிடிக்கும், பசையின் ஆவி மூச்சுக்கு ஆகாது. திறந்த திண்ணையில், பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள், கையுறை போடுங்கள்.

பேட்ச் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்டியிருக்கட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் தூக்கும். நாலு விரற்கடைக் கிழிசலுக்கு வெளியே மட்டும் ஒட்டினால் போதாது. காற்றை முழுசாக இறக்கி, கிழிசல் வழியாக உள்பக்கத்தையும் துடைத்து, முதலில் ஒரு பேட்சைச் சுருட்டி உள்ளே நுழைத்து ஒட்டுங்கள், பிறகு இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று தொடும்படி சமமாக இழுத்து வைத்து, மேலே இன்னொன்று. தையல் பிரிந்தது போல இரண்டு டியூப் சேரும் இடத்தில் விட்டிருந்தால் அதை நீங்கள் தொட வேண்டாம், தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

பசையில் ஹார்டனரை டப்பாவில் சொன்ன அளவுக்கே கலக்குங்கள். படகிலும் பேட்சிலும் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இரண்டாவது. அப்புறம் விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுவென்று பிடிக்க வேண்டும், ஆனால் பசை கையோடு வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள், காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. ஓரங்களைக் கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டு மேலே பாரம் வையுங்கள்.

நம் ஊர் வெயிலில் நேராக வைத்துச் செய்தால் மேல் தோல் மட்டும் காய்ந்து அடியில் பசை ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றிலோ மேலே நீர்ப்படலம் படிந்து பசையைக் கெடுக்கும். நிழலில், மழை இல்லாத நாளில், காலை வெயில் ஏறிய பிறகு ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் காற்றின் அளவு. 25 டிகிரியில் 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்த படகைக் கரையில் போட்டு உள்ளே இருக்கும் காற்று 45 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 4-ஐத் தாண்டும். புதுசாக ஒட்டிய இடம் இதைத் தாங்காது. மதியம் கரையில் விடும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

சனிக்கிழமைக்கு முடியுமா என்றால், இன்றைக்கே ஒட்டினாலும் முடியாது. 24 மணி நேரம் தொடாமல் விட்டு, அப்புறம் பாதிக் காற்று அடித்து சோப்பு நுரை தடவிப் பாருங்கள். முழுக் காற்றுக்கு 3 நாள் ஆகட்டும், அதையும் ஒரு ராத்திரி அடித்து வைத்து, காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள். முதல் நாள் ஆழம் குறைந்த கரையோரமாகவே ஓட்டுங்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கூட ஒரு ஆளோடு. இறக்கும் இடத்தில் முள்ளைப் பொறுக்கிவிட்டு நாலு பழைய சாக்கை விரியுங்கள்.