ஸ்கூபா பேக்கேஜ்: ‘வேண்டாம்’ என்றால் பணம் திரும்பி வருமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு அந்தமான் போகிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், 63 வயது மாமியார். கடைசி நாள் காலை ஆறரைக்கு ஹேவ்லாக் தீவில் ஐந்து பேருக்கும் ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் கடலுக்கு அடியில் இறங்குவது), பிறகு படகில் போர்ட் பிளேர், பிற்பகல் 3 மணிக்குச் சென்னை விமானம் என்று ஏஜென்ட் அட்டவணை கொடுத்திருக்கிறார். ஸ்கூபாவுக்குத் தலைக்கு 3,500 ரூபாய். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரமாட்டார்களாம். அங்குள்ள ஒரு டைவ் சென்டரில் நேரடியாகக் கேட்டால் 5,500 என்கிறார்கள். கணவருக்கு இழுப்பு உண்டு, இன்ஹேலர் எடுப்பார். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எதை எடுப்பது? – வாசகி, திருப்பூர்

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த அட்டவணையை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு அன்றே விமானம் ஏறக் கூடாது.

ஆழத்தில் அழுத்தம் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ ஏறக்குறைய ஊட்டி உயரத்து அழுத்தம். உடம்பில் தங்கிய நைட்ரஜன் அங்கே குமிழியாக மாறினால் மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்புக்கான ‘டான்’ அமைப்பின் வழிகாட்டுதல். உங்கள் அட்டவணையில் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஸ்கூபாவை ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கு மாற்றுங்கள், கடற்கரை சுற்றுவதைக் கடைசியில் வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. இதுகூடத் தெரியாத ஏஜென்ட் என்றால், மற்ற விஷயங்களிலும் அவரை நம்பிப் பணம் கட்ட நான் தயங்குவேன்.

அடுத்து உங்கள் மகன். பாடி என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் ஸ்கூபா செய்து பார்க்கப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ‘பபிள்மேக்கர்’ என்று தனியாக உண்டு, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. அவன் பெயரில் 3,500 வாங்குகிறவரிடம் எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். “பத்து வயது என்று எழுதிவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று பதில் வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கணவருடைய இழுப்பு விஷயத்தை மறைக்கவே கூடாது. நல்ல சென்டரில் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். நுரையீரல், இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் அதில் கேட்கப்படும். இழுப்பு போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று வந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை இப்போதே இணையத்திலிருந்து எடுத்துத் திருப்பூரிலேயே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். தீவில் போய் நின்றுகொண்டு மருத்துவரைத் தேடக் கூடாது. மாமியாருக்கும் இதே வழிதான். பாடி விதியில் மேல் வயது வரம்பு என்று ஒன்றும் இல்லை. அவருக்கு ஆசை இருந்து, மருத்துவரும் சரி என்றால் அவரைக் கரையில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

நீச்சல் தெரியாதது இந்த முதல் அனுபவத்துக்குத் தடையில்லை. சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் படிப்புக்குத்தான் 200 மீட்டர் நீந்திக் காட்டி, பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும்.

இப்போது 3,500-க்கும் 5,500-க்கும் வருவோம். விலையை மட்டும் வைத்து எது நல்லது என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். கரையிலிருந்து நடந்து இறங்குவதா, படகில் போவதா? ஆழமில்லாத தண்ணீரில் முதலில் பயிற்சி உண்டா? தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு ஆளுக்கு ஒருவர் வேண்டும், இதில் நான் இறங்கிவரச் சொல்ல மாட்டேன். இன்ஸ்ட்ரக்டரின் பாடி எண்ணைக் கேட்டு வாங்கினால், அது செல்லுபடியாகிறதா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

வீடியோ யார் எடுப்பது என்றும் கேளுங்கள். ‘வீடியோ இலவசம்’ என்பதுதான் இப்போது பெரிய விளம்பரம். உங்கள் மகளைப் பிடித்துக்கொண்டு போகிறவரே கேமராவையும் பிடித்தால், அவர் கண் திரையில் இருக்கும், அவள் முகத்தில் இருக்காது. பயந்துபோன பிள்ளை கடலுக்கு அடியில் வாயால் சொல்ல முடியாது, கண்ணால்தான் சொல்லும். வீடியோ எடுக்கத் தனி ஆள் வரட்டும், இல்லாவிட்டால் வீடியோவே வேண்டாம். அப்புறம், விளம்பரத்தில் ‘ஆக்சிஜன் சிலிண்டருடன்’ என்று போட்டிருந்தால் அதை எழுதியவருக்குத் தொழில் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சு.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரமாட்டோம்’ என்ற அந்த ஒரு வரி. வேறு எந்தச் சுற்றுலாவிலும் அது பண விஷயம். ஸ்கூபாவில் அது உயிர் விஷயம். சில வருடங்களுக்கு முன் நானும் முழுப் பணம் கட்டியிருந்தேன். அன்று காலை லேசான ஜலதோஷம். சளி இருக்கும்போது இறங்கக் கூடாது என்று தெரியும். ஆனால் கட்டிய பணம் போய்விடுமே என்று இறங்கினேன். மூன்று மீட்டரிலேயே வலது காதில் கத்தியால் குத்துவது போல வலி. மூக்கைப் பிடித்து ஊதினால் அடைப்பு விட வேண்டும், விடவில்லை. வலியைச் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். செவிப்பறையில் காயம். ஆறு வாரம் ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை. படிவத்தில் எனக்குச் சளி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

ஆகவே சென்டரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி இது: “காலையில் சளி பிடித்தாலோ, பயிற்சியின்போது பிள்ளை பயந்து வேண்டாம் என்றாலோ எவ்வளவு பணம் பிடிப்பீர்கள்?” முழுவதும் திரும்ப வரும், அல்லது வேறு நாளுக்கு மாற்றலாம் என்று எழுதித் தருகிறவரிடம் 5,500 கொடுப்பது எனக்கு மலிவாகத் தெரிகிறது. மகனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் செலவும் குறையும்.

கேள்வி: ஹேவ்லாக் போகும் முன் சொந்தமாக மாஸ்க், ஸ்நார்க்கல் (நீர்மட்டத்தில் மிதந்தபடி மூச்சுவிடும் குழாய்) வாங்கலாமா? எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 3. முகம் முழுக்க மூடும் மாஸ்க் ஆன்லைனில் மலிவாக இருக்கிறது. ஆக்‌ஷன் கேமராவும் வாங்க எண்ணம். – வாசகர், நாகர்கோவில்

பதில்: முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஸ்கூபாவுக்கு ஆகாது. காது அடைப்பை விடுவிக்க மூக்கைப் பிடிக்க வேண்டும், அதில் மூக்கு கைக்கு எட்டாது. நீச்சல் கண்ணாடியும் கூடாது, மூக்கு உள்ளே இருந்தால்தான் மாஸ்க்குக்குள் காற்றை ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய முடியும்.

உங்களுக்கு மைனஸ் 3 என்பதால் பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் வாங்குவது நியாயமான செலவு. சில மாடல்களுக்கு அரை பவர் இடைவெளியில் லென்ஸ் தனியாகக் கிடைக்கும். கடைக்கே போய் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியலாம், அங்கே கவனமாகப் பாருங்கள். கண்ணாடியில் ‘டெம்பர்டு’ (உறுதியாக்கப்பட்டது) என்ற முத்திரை இருக்க வேண்டும். புது மாஸ்க்கின் உள்பக்கம் ஒரு படலம் இருக்கும், சாதாரண வெள்ளைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் தண்ணீருக்குள் பனி மூடிக்கொள்ளும். சிலிண்டர், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), உடுப்பு எல்லாம் சென்டர் தரும். வருடத்துக்கு ஒரு டைவ் போகிறவர் அவற்றை வாங்கி என்ன செய்வது?

கேமராவில் ஒன்று கவனியுங்கள். கோப்ரோ கேமராக்கள் பெரும்பாலும் தனி உறை இல்லாமல் 10 மீட்டர் வரைதான் தாங்கும். முதல் அனுபவ டைவே 12 மீட்டர் வரை போகலாம். முதல் தடவை கேமரா வேண்டாம் என்பதே என் கருத்து, கை இரண்டும் சும்மா இருக்கட்டும். பவளத்தைத் தொட வேண்டாம், கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட எடுத்து வர வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது.

கேள்வி: மே கடைசியில் அந்தமான் போனோம். மழை, காற்று. ஹேவ்லாக் படகு நிறுத்தப்பட்டது, ஸ்கூபா நடக்கவே இல்லை. நான்கு பேருக்கு ஸ்கூபாவுக்கு மட்டும் கட்டிய 14,000 ரூபாயைக் கேட்டால், “இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார். பில்லும் தரவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: இயற்கைக்கு அவர் பொறுப்பல்ல, சரி. ஆனால் நடக்காத டைவுக்கு வாங்கிய பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனால் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்கிறது. பில் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுக்கிறது. அந்த டைவ் சென்டருக்கு ஏஜென்ட் பணம் அனுப்பினாரா என்றும் விசாரியுங்கள். அனுப்பவே இல்லை என்று தெரிந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும்.

முதலில் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் தேதி, தொகை, நடக்காத சேவை மூன்றையும் எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் முடியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஏஜென்ட் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் கால அவகாசம் உண்டு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே தகராறு எழுப்புங்கள், அதற்குக் கெடு மிகக் குறைவு.

ஒன்று, மே நடுப்பகுதியிலிருந்து அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதை அவர் முன்பே உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்ற அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். டைவ் நடக்கவில்லை என்பதற்கு அவர் கையாலேயே எழுதித் தந்த சாட்சி அது.