ஊர்ப் பாடசாலைக்குத் தொண்டுப் பயணம்: காசு சேர்ப்பது பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகள் குழுவாக இலங்கை போய், வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகளில் சில வாரம் உதவிவிட்டு வருகிறார்கள். அதற்குக் காசு சேர்ப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பழைய மாணவர் சங்கம் ஒன்றின் கணக்கு வழக்கைப் பல காலமாகப் பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஹரோவிலிருந்து ஒரு மாணவி: ஏ லெவல் முதலாம் ஆண்டு. ஆகஸ்டில் கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். காசு சேர்ப்பதை எங்கே தொடங்குவது?

தங்கச்சி, காசுக்கு முதல் நாட்காட்டியைப் பாருங்கள். இலங்கையில் தமிழ்ப் பாடசாலைகளுக்கு வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் தவணை விடுமுறை. இங்கே உங்களுக்கு லீவு விடும்போது அங்கேயும் பூட்டிக்கிடக்கும். கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் முன்பின்னாக மாறியிருப்பதால், அந்த ஆண்டின் திகதிகளை அதிபரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏ லெவல் சோதனை முடித்த பிள்ளைகளுக்கு ஜூன் கடைசியும் ஜூலையும் நல்ல காலம், அங்கே இரண்டாம் தவணை நடந்துகொண்டிருக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, பொறுத்துப் போங்கள்.

அடுத்தது அனுமதி. மாகாணப் பாடசாலை என்றால் அதிபர் சம்மதித்தால் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் கடிதம் போகவேண்டும். அந்தக் கடிதம் கையில் வந்த பிறகு உண்டியலைத் தூக்குங்கள். இடம் உறுதியாகாமல் சேர்த்த காசைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: டிக்கெட் காசு வேறு, பாடசாலைக் காசு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

குரொய்டனிலிருந்து ஒரு அப்பா: கிஃப்ட் எயிட் (கொடுப்பவர் கட்டிய வரியில் ஒரு பகுதியை அறநிறுவனம் அரசிடமிருந்து பெறுவது) எடுத்தால் 100 பவுண் 125 ஆகும் என்கிறார்கள். மகனின் பயணத்துக்கு நானே 1,000 பவுண் நன்கொடை கொடுத்து அதை எடுக்கலாமா?

யார் பயணச் செலவைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிஃப்ட் எயிட் எடுக்க, காசு எச்எம்ஆர்சி என்ற வரித் திணைக்களம் ஏற்றுக்கொண்ட ஒரு அறநிறுவனத்துக்குப் போகவேண்டும். பிள்ளைகள் தாங்களாகச் சேர்ந்த குழுவுக்கு அது கிடையாது. கிஃப்ட் எயிட்டாக எடுக்கும் தொகைக்குக் குறையாத வரியைக் கொடுப்பவர் இங்கே கட்டியிருக்கவும் வேண்டும். வேலையிடத்தில் பத்துப் பேரிடம் வாங்கிய காசை உங்கள் பெயரில் எழுதக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. அறநிறுவனம் மகனின் டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவழித்தால், நீங்கள் கொடுக்கும் 1,000 பவுணுக்குப் பதிலாக உங்கள் வீட்டுக்கே ஒரு பயன் வருகிறது. அதனால் மகன், அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி கொடுப்பதற்குக் கிஃப்ட் எயிட் எடுக்க முடியாது. மாமா, சித்தி கொடுத்தால் எடுக்கலாம், அவர்கள் அந்த உறவு வரையறைக்குள் வரமாட்டார்கள். மகன் தன் செலவு முழுவதையும் தானே கட்டினால் இந்தச் சிக்கலே இல்லை, நீங்கள் கொடுப்பதற்கும் எடுக்கலாம். டிக்கெட் காசை வேறாக வை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தம்பி: கோயில் தேர்த் திருவிழாவில் உண்டியல் பிடிக்கலாமா? ஹை ஸ்ட்ரீட்டில்?

கோயில் வளவு தனியார் இடம், அறங்காவலர் சபையிடம் கேளுங்கள். தெருவுக்கு இறங்கினால் உரிமம் வேண்டும்: லண்டனில் மெட்ரோபொலிட்டன் பொலிஸ், வெளியே உள்ளூர் கவுன்சில். சூப்பர்மார்க்கெட் வாசலுக்குக் கடை முகாமையாளரின் சம்மதம்.

லெஸ்டரிலிருந்து ஒரு அக்கா: மண்டபம் எடுத்துச் சாப்பாட்டு நிகழ்ச்சி வைக்கிறோம். ராஃபிளும் (அதிர்ஷ்டக் குலுக்கல்) உண்டு. சட்டச் சிக்கல் வருமா?

டிக்கெட்டை நிகழ்ச்சி நடக்கும்போது அங்கேயே விற்றால் உரிமமோ பதிவோ வேண்டாம். முதல் வாரமே கடையிலும் வீடு வீடாகவும் விற்றால் அது வேறு கதை, கவுன்சிலில் சிறு சங்க லொத்தராகப் பதிய வேண்டும், முதல் வருடம் 40 பவுண். ராஃபிளுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த காசு நன்கொடை அல்ல, அதற்குக் கிஃப்ட் எயிட் இல்லை. ரோல்ஸ், பற்றிஸ், கேசரி எல்லாவற்றுக்கும் முன்னால் என்னென்ன போட்டது என்று அட்டை வையுங்கள், கஜு இருந்தால் பெரிய எழுத்தில்.

இரவு காசு எண்ணுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மண்டபத்தை விட்டு வெளிக்கிட முதல், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் ஒரு மேசையில் இருந்து எண்ணுங்கள். வங்கியில் தரும் பிளாஸ்டிக் பைகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்: ஒரு பவுண் காசு 20 பவுணுக்கு ஒரு பை, 20 பென்ஸ் 10 பவுணுக்கு ஒரு பை. தாளில் தொகையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். மண்டபக்காரருக்குக் கொடுக்கும் காசையும் அந்த மேசையிலிருந்து உருவாதீர்கள். முழுத்தொகையும் வங்கிக்குப் போகட்டும், செலவு பிறகு.

மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு அண்ணா: நேராகவே கேட்கிறேன். பத்துப் பிள்ளைகளின் விமான டிக்கெட் காசை அங்கே அனுப்பினால் ஒரு பாடசாலைக்கே கழிப்பறை கட்டலாம். இந்தப் பயணம் ஏன்?

இந்தக் கேள்விக்குக் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களில் பெரிய சண்டையே நடந்துவிட்டது. "பிள்ளைகள் ஊரைப் பார்க்க வேண்டாமா?" என்று ஒரு அக்கா. "பார்க்கட்டும், சொந்தக் காசில் பார்க்கட்டும்" என்று இன்னொருவர். "வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அப்போ போகவே கூடாதா?" என்று ஒரு பல்கலைக்கழக மாணவன்.

அண்ணா சொல்லும் கணக்கு சரி. வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்காகச் சம்பளமே இல்லாமல் படிப்பித்திருக்கிறார்கள். மலையகத்தில் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. மூன்று வாரம் வந்து போகும் பதினேழு வயதுப் பிள்ளை அந்த இடத்தை நிரப்ப முடியாது. அதை முதலில் பிள்ளைகளிடமே சொல்லுங்கள்.

ஆனாலும் பயணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, தமிழும் தெரிந்த ஒரு அக்கா பக்கத்தில் இருந்து கதைப்பது உண்மையான உதவி. வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து, அவர் சொல்லும் பாடத்தில் செய்யவேண்டும். போய்வந்த பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போன பிறகும் மாதாமாதம் அந்தப் பாடசாலைக்குக் காசு அனுப்புகிறார்கள்.

அதனால் என் பதில்: போகலாம். பயணச் செலவைப் பிள்ளை பகுதிநேர வேலை செய்தோ வீட்டாரிடம் வாங்கியோ கட்டட்டும். வசதியில்லாத பிள்ளைக்குத் தனியாக ஒரு பயண நிதி வையுங்கள், "இது டிக்கெட்டுக்கு" என்று எழுதிக் கேளுங்கள். நான் அதற்குக் கொடுப்பேன், பலரும் கொடுப்பார்கள். "ஊர்ப் பிள்ளைகளுக்கு" என்று எழுதிய உண்டியலில் இருந்து விமானக் கம்பனிக்குக் காசு போவதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

மூன்று பேர் கேட்டது: இங்கிருந்து புத்தகப்பை, கொப்பி, சீருடை கொண்டுபோகலாமா?

வேண்டாம். இலங்கையில் 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. குறைவதை அதிபரிடம் கேட்டு, அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள்.

ஒரு அம்மா: சுற்றுலா விசா போதுமா? தடுப்பூசி?

விசாவுக்கு லண்டன் இலங்கை உயர்ஸ்தானிகராலயம், தடுப்பூசிக்கு உங்கள் ஜீபீ, அதாவது குடும்ப வைத்தியர். தொண்டு வேலை என்று மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மாணவன்: இணையத்தில் நன்கொடை சேர்க்கும் ஜஸ்ட்கிவிங் தளத்தில் அந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் படம் போட்டால் காசு கூட வருமாம்?

போடாதீர்கள். காசு கூட வந்தாலும் போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் முகமும் பாடசாலைப் பெயரும் ஒன்றாக இணையத்தில் நிற்கக் கூடாது. ஒழுகும் கூரையைப் படம் எடுங்கள்.

இன்னொரு அப்பா: மகளின் பயணத்துக்கு நான் கொடுப்பதற்குக் கிஃப்ட் எயிட்…

குரொய்டன் அப்பாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஸ்லவ்விலிருந்து ஒரு மாணவி: சேர்த்த காசை அதிபரின் கணக்குக்கு அனுப்பலாமா?

எவ்வளவு நல்ல அதிபராக இருந்தாலும் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கும், அதன் விவரத்தைப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள். என்ன வேலைக்கு என்று குறிப்பிட்டு அனுப்பி, பற்றுச்சீட்டு வந்ததும் காசு தந்த எல்லாருக்கும் அதன் பிரதியை அனுப்பிவிடுங்கள்.